ஒரு வீட்டில் இரு குடித்தனம்

ஒரு வீட்டைத் தடுத்து இரண்டு குடித்தனங்கள் வாழ்வது நம் ஊருக்குப் புதிதன்று. திருவரங்கத்து வீதிகளில் உள்ள நீண்ட வீடுகளைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். வாசல் ஒன்று, ரேழி ஒன்று. உள்ளே சென்றால் அடுப்பு இரண்டு. தடுப்புச் சுவர் எங்கே வரவேண்டும், கிணறு யாருக்கு, வாசற்கதவின் திறவுகோல் யாரிடம் என்பவற்றை முன்னரே பேசி முடித்துவிட்டால் இரு குடும்பமும் அமைதியாக வாழும். பேசாமலே கடப்பாரையை எடுத்தால் இருவருக்கும் கூரை இராது.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்வதும் இத்தகையதே. இதை ‘டூயல் பூட்’ என்பார்கள். இரட்டைத் துவக்கம் என்று நாம் சொல்லலாம். அதைப் பத்திரமாகச் செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இயங்குதளம் என்பது யாது? விசைப்பலகை, திரை, நினைவகம், சேமிப்பு வட்டு ஆகிய உறுப்புகளை ஆண்டு, நாம் கேட்கும் வேலையை அவற்றிடம் வாங்கித் தரும் அடிப்படை நிரலே இயங்குதளம். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. லினக்ஸ் மற்றொன்று. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21-ஆவது வயதில், 1991-இல் தொடங்கிய பணி லினக்ஸ். உங்களைப்போல் அவரும் அன்று கல்லூரி மாணவரே. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. உங்கள் சட்டைப் பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே.

தமிழ்நாட்டு மாணவர்க்கு இந்த இரட்டைக் குடித்தனம் அறிமுகமான கதை சுவையானது. 2011 செப்டம்பர் 15 அன்று அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் நிறுவனம் வாங்கி அளித்த அக்கணினிகளில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் மையத்தார், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைத்த இயங்குதளம். நான் அப்போது பள்ளிப் பணியில் இருந்தேன். பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துப் பொத்தானை அழுத்தியதும், கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் தோன்றி, எது வேண்டும் என்று கேட்டதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸ் என்ற வரியையே தேர்ந்தார்கள். சிலர் சில மாதங்களில் கடைக்குக் கொண்டுபோய், ‘தேவையில்லாததை’ எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டின் ஒரு பாதியை உள்ளே சென்று பாராமலே இடித்துவிட்டதற்கு ஒப்பாகும் அது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு உரிய வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தன. தனியே பதிந்துகொண்டவர்க்கே சிறிது கால நீட்டிப்பு. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. புதுக்கணினி வாங்க எல்லா வீட்டிலும் பணமும் இல்லை. ஆகவே பழைய கணினியில் லினக்ஸையும் குடிவைத்துப் பார்ப்போம் என்று மாணவர் பலர் முயல்கிறார்கள். வணிகவியல் மாணவருக்கு டேலி வேண்டும். அது விண்டோஸில் இயங்குவது. நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு லினக்ஸ் வசதி. இரண்டும் வேண்டுவோர்க்கு இரட்டைத் துவக்கம் நல்ல வழிதான். முயற்சி நல்லது; அவசரமே கெட்டது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன், இறுதியாண்டு படிப்பவர், ஒருநாள் மாலை தில்லை நகரில் என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. “ஐயா, கணினியில் இருந்ததெல்லாம் போய்விட்டது” என்றார். நடந்தது இதுதான். லினக்ஸுக்கென்று வட்டில் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார். நிறுவும்போது, ‘வட்டை அழித்துவிட்டு நிறுவுக’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. வட்டு என்றது தாம் ஒதுக்கிய இடத்தை மட்டுமே என்று எண்ணி, அதைத் தேர்ந்துவிட்டார். வட்டு என்றால் முழு வட்டு. அவருடைய மூன்று மாதத் திட்ட அறிக்கை, குடும்பப் படங்கள், காலஞ்சென்ற பாட்டி தாலாட்டுப் பாடியதைப் பதிந்துவைத்த ஒலிப்பதிவு ஆகிய எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

இதைவிடப் பெரிய தவறு அதற்குப் பிறகே நடந்தது. பதறிப்போய், விண்டோஸ் திரும்பினால் கோப்புகளும் திரும்பும் என்று கருதி, அதே வட்டில் விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டார். வட்டின் பாகங்களைக் காட்டும் அட்டவணை அழிந்தாலும், அதன் மேல் புதியது எழுதப்படும்வரை பழைய எழுத்துகள் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். கணினியை உடனே அணைத்துவைத்திருந்தால் பெரும்பகுதி மீண்டிருக்கும். அவரோ இருமுறை மேலே எழுதிவிட்டார். விவரம் அறிந்த நண்பர் ஒருவர் மீட்பு நிரலைக்கொண்டு இரண்டு நாள் முயன்றார். அறிக்கை பெரும்பாலும் கிடைத்தது. படங்கள் சில, பெயரிழந்து கிடைத்தன. பாட்டியின் குரல் கிடைக்கவில்லை.

அந்தக் கணினி பழைய வகை ஹார்டு டிஸ்க் உடையது. ஆதலால் இவ்வளவேனும் மீண்டது. எஸ்.எஸ்.டி. என்னும் புதிய வகைச் சேமிப்பகத்தில், அழித்த இடத்தைச் சாதனமே துடைத்து வைப்பது உண்டு. அங்கே மீட்பு இன்னும் அரிது. அன்று முதல், கேட்க வரும் பிள்ளைகளுக்கு நான் வரிசையாகச் சொல்லி வருவனவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசையானால், வட்டைத் தொடவே வேண்டாம். பென் டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்க்கலாம். நிறுவாமல் ‘முயன்று பார்க்க’ என்ற வழி பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் உண்டு. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று அங்கேயே சோதித்துவிடலாம். பெண் பார்க்காமல் முகூர்த்தம் குறிப்பாருண்டோ?

இரண்டாவது, பிரதி எடுங்கள். முக்கியமான கோப்புகள் இந்தக் கணினியன்றி வேறோர் இடத்திலும் இருக்கவேண்டும். இரண்டு இடங்களில் இருந்தால் மிக நன்று. பிரதி எடுத்ததோடு நில்லாமல், வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பாராத பிரதி, எண்ணிப் பாராத பணமூட்டை போன்றது. பிரதி இருந்தால் பின்னர் நேரும் எந்தத் தவறும் வெறும் நேர நஷ்டமே.

மூன்றாவது, மீட்பு எண்ணை எழுதி வையுங்கள். இக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு முழுதும் ‘பிட்லாக்கர்’ முறையில் மறையெழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். உரியவருக்கே அது தெரியாமலும் இருக்கும். தொடக்க அமைப்பில் மாற்றம் கண்டால், கணினி ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையேல் உங்கள் கோப்புகள் உங்களுக்கே எட்டா. அவ்வெண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைப் பார்த்துத் தாளில் எழுதி, கணினிப் பையில் அன்று, பீரோவில் வையுங்கள். மாற்றம் செய்வதற்கு முன் அக்காவலைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் நல்லது.

நான்காவது, விண்டோஸை உண்மையாகவே தூங்கவையுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்றோர் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. அது இருக்கும்போது, நாம் அணைத்தோம் என்று நினைத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும். தன் பாகத்தின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டே படுத்திருக்கும். அவ்வேளையில் லினக்ஸ் உள்ளே புகுந்து அதே பாகத்தில் எழுதினால், விழித்தெழும் விண்டோஸின் கணக்கும் வட்டின் கணக்கும் ஒத்துப்போகா, கோப்புகள் சிதையும். ஆகவே அந்த ஏற்பாட்டை நீக்கிவிடுங்கள்.

ஐந்தாவது, இடம் ஒதுக்குவதை விண்டோஸைக் கொண்டே செய்யுங்கள். விண்டோஸில் உள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ கருவியில் பாகத்தைச் சுருக்க வழி இருக்கிறது. தன் வீட்டில் அசைக்க இயலாத சாமான் எது என்பது குடியிருப்பவருக்குத்தானே தெரியும்? பழகிப் பார்க்க 40 அல்லது 50 ஜி.பி. போதும். விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வையுங்கள். சுருக்கியதால் கிடைத்த இடத்தைப் பெயரிடாமல் வெற்றிடமாகவே விடுங்கள். லினக்ஸ் தன் பாகத்தை அங்கே தானே அமைத்துக்கொள்ளும். இவ்வேலை நடக்கும்போது சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். சுவர் எழுப்பும் நடுவில் மின்சாரம் போனால் வரும் துன்பத்தைச் சொல்லவேண்டியதில்லை.

ஆறாவது, லினக்ஸைக் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். அதை உருவாக்கியோரின் தளத்திலிருந்தே பதிவிறக்குங்கள். அங்கே கோப்புடன் 64 எழுத்துகொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியும் தந்திருப்பார்கள். நீங்கள் இறக்கிய கோப்பின் குறியும் அதுவும் எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தால் கோப்பு பழுதின்றி வந்தது என்று பொருள். பென் டிரைவில் அதை ஏற்றும்போது அதிலிருந்த பழையன யாவும் அழியும். தம்பியின் பாடக்குறிப்பு உள்ள பென் டிரைவை எடுத்து அவன் சாபத்தைப் பெறாதீர்கள்.

ஏழாவது, நிறுவும் வேளை. விண்டோஸ் முதலில் இருக்க, லினக்ஸ் பிறகு வருவதே எளிய வரிசை. லினக்ஸ் தன்னோடு இருப்பவரையும் சேர்த்துப் பட்டியல் போடும். விண்டோஸோ பெரும்பாலும் தன்னை மட்டுமே அறியும். கேள்வி வரும்போது ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவுக’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்களே பாகம் குறிப்பதானால், ‘இ.எஃப்.ஐ.’ என்னும் சிறு பாகத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். சில நூறு எம்.பி.க்கு உட்பட்ட அச்சிறு பாகமே இருவருக்கும் பொதுவான வாசல். அதைப் பயன்படுத்தலாம், புதிதாக வடிவமைக்கக் கூடாது. முடிவாக ஒரு திரை வரும். எந்தப் பாகம் அழியும், எந்தப் பாகம் நிற்கும் என்று அதில் காட்டும். தேர்வுத் தாளைப் படிப்பதுபோல் அதை இருமுறை படியுங்கள். அதுவரை ஒன்றும் எழுதப்படவில்லை, திரும்பிவிடலாம். அந்தப் பொத்தானுக்குப் பின் திரும்ப இயலாது. என்னிடம் வந்த அந்தப் பிள்ளை படிக்காமல் கடந்தது இந்தத் திரையைத்தான்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒருநாள் ஏதோ ஒன்று கோளாறாகலாம். அப்போது நினைவுகொள்ள, நம் ஊரில் உள்ள ஓர் இடத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

திருச்சிக்கு மேற்கே உள்ள முக்கொம்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கொள்ளிடமாகவும் மற்றொன்று காவிரியாகவும் திருவரங்கத் தீவை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். எந்தக் கிளையில் எவ்வளவு நீர் செல்வது என்பதை அங்குள்ள மதகுகளே தீர்மானிக்கின்றன. கணினியிலும் அப்படி ஒரு மதகு உண்டு. பொத்தானை அழுத்தியதும் எந்த இயங்குதளத்துக்குச் செல்வது என்று கேட்டு வழிதிருப்பும் தொடக்க நிரலே அது. லினக்ஸில் அதற்குப் பெரும்பாலும் ‘கிரப்’ என்று பெயர்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. ஊரே பதறியது. ஆனால் அன்று காவிரியும் அழியவில்லை, கொள்ளிடமும் அழியவில்லை. திருப்பிவிடும் கதவே போயிற்று. மணல் மூட்டைகளை அடுக்கித் தற்காலிகத் தடுப்பு எழுப்பினார்கள். பின்னர்ப் புதிய கதவணை கட்டினார்கள். கதவு உடைந்தது என்று எவரும் ஆற்றைத் தூர்க்கப் புறப்படவில்லை.

கணினியில் நாம் செய்வது பல வேளைகளில் அதுவே. விண்டோஸ் ஒரு பெரிய திருத்தத்தை ஏற்றபின் தொடக்க வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்வது உண்டு. மறுநாள் லினக்ஸ் பெயரையே காணோம். ‘லினக்ஸ் அழிந்தது’ என்று முடிவுகட்டி, மறுபடி நிறுவப்போய், உண்மையிலேயே அழித்துவிடுகிறோம். தொடக்க அமைப்புக்குள் சென்று வரிசையை மாற்றினாலே பெரும்பாலும் போதும். 2024 ஆகஸ்டில் வெளியான ஒரு விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின், உலகெங்கும் இரட்டைக் குடித்தனம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் தொடங்க மறுத்தது. பழுதுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்க வந்த திருத்தம் அது. அங்கும் கோப்புகளுக்கு ஒரு குறையுமில்லை, மதகுதான் பூட்டிக்கொண்டது. ‘செக்யூர் பூட்’ என்னும் காவலைச் சற்றே நிறுத்தி, உள்ளே சென்று, தொடக்க நிரலைப் புதுப்பித்து, காவலை மீண்டும் அமர்த்தியவர்கள் ஒன்றையும் இழக்கவில்லை. அத்தகைய வேளையில்தான் பீரோவில் வைத்த 48 இலக்கத் தாளும், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவும் கைகொடுக்கும். நிறுவி முடித்தபின் அந்தப் பென் டிரைவை அழித்துவிடாமல் மாற்றுத் திறவுகோலாக வைத்திருங்கள்.

இன்னொரு சிறு விந்தையும் உண்டு. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கக் காணலாம். இது கோளாறன்று. கணினிக்குள் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த வேறுபாடே அங்கே தெரிகிறது. உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டால் சரியாகிவிடும். புவியியல் பாடத்தில் படித்த தீர்க்கரேகை உங்கள் மேசைக்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று பிற்காலத்தில் தோன்றினாலும் அவசரப்படாதீர்கள். அதன் பாகத்தை முதலில் அழித்தால், வழிகாட்டும் பட்டியலும் உடன் போய், பழைய கணினிகளில் விண்டோஸும் தொடங்காமல் நின்றுவிடக்கூடும். முதலில் விண்டோஸைத் தொடக்க வரிசையில் முன்வைத்து, அது தனியே தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகே பாகத்தை நீக்குங்கள். குடியிருப்பவர் போகும்போது திறவுகோலை வாங்கிக்கொள்வது வழக்கமன்றோ?

மாணவ நேயர்களே, நான் சொன்னவற்றை எல்லாம் நினைவில் வைக்க இயலாவிட்டாலும், ஒன்றை மட்டும் வையுங்கள். கணினியில் திருத்தக்கூடிய தவறு, திருத்த இயலாத தவறு என இரண்டு உண்டு. மதகு பழுதானால் திருத்தலாம். கடிகாரம் தவறினால் திருத்தலாம். இயங்குதளமே போனாலும் ஒரு மாலைப்பொழுதில் மறுபடி நிறுவிவிடலாம். உங்கள் கையால் ஆக்கியதும் உங்கள் வீட்டார் விட்டுச்சென்றதும் போனால் அவற்றை எந்தத் தளத்திலிருந்தும் பதிவிறக்க முடியாது. ஆகவே சுவரைத் தொடும் முன் பிரதி எடுங்கள். கோளாறு கண்டால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

அந்தப் பிள்ளை இன்று தம் கணினியில் இரண்டு இயங்குதளங்களையும் ஒழுங்காக வைத்திருக்கிறார். கல்லூரித் தோழர்கள் யாரேனும் லினக்ஸ் நிறுவ உதவி கேட்டால், அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “பிரதி எடுத்தாயா?” எடுக்கவில்லை என்றால், எடுத்துக்கொண்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிடுகிறாராம். அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆயினும், அந்தக் கேள்வியை அவர் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலையை நான் மறக்கவில்லை. அந்த விலையை நீங்களும் கொடுக்கவேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.